ரிப்போர்ட் புக்கில் மதிப்பெண் இல்லை: பிள்ளை வகுப்பில் என்ன கற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் மகள் தொடக்கநிலை 2இல் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை முடியப் போகிறது.

பள்ளிப் பையைத் திறந்து பார்க்கிறீர்கள். கணிதப் பயிற்சித்தாளில் நிறைய டிக். ஆங்கில வொர்க்‌ஷீட்டில் ஒரு ஸ்மைலி ஸ்டிக்கர். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒன்னுமில்ல" என்று பதில் வருகிறது.

சரி, பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறாளா? யாரிடம் கேட்பது? டீச்சருக்கு வாட்ஸ்அப் செய்யலாமா? செய்தால் தொந்தரவு என்று நினைப்பாரா?

நீங்கள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது இந்தக் குழப்பம் இருந்திருக்காது. அரையாண்டுத் தேர்வு முடியும். ரிப்போர்ட் புக் வரும். எத்தனை மதிப்பெண், வகுப்பில் எத்தனையாவது இடம் எல்லாம் அதில் இருக்கும். அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுவார்கள். சில வீடுகளில் கூடவே திட்டும் விழும்.

இப்போது அந்த எண்கள் பெரும்பாலும் இல்லை. அவை இருந்த இடத்தை ஆசிரியரின் வார்த்தைகள் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அப்படி என்ன மாறியது?

2018 செப்டம்பரில் கல்வி அமைச்சு பல மாற்றங்களை அறிவித்தது. அவை 2019இலிருந்து படிப்படியாக நடப்புக்கு வந்தன.

- தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்குத் தேர்வு இல்லை. ஆண்டிறுதி மதிப்பெண்ணில் சேரும் மதிப்பீடுகளும் இல்லை.

- தொடக்கநிலை 3 முதல் மதிப்பீடுகள் உண்டு. ஆனால் ஒரு பாடத்துக்குத் தவணைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது.

- வகுப்பில் எத்தனையாவது இடம், வகுப்பின் ஆகக் கூடிய, ஆகக் குறைந்த மதிப்பெண் போன்ற விவரங்கள் ரிப்போர்ட் புக்கிலிருந்து எடுக்கப்பட்டன.

- அரையாண்டுத் தேர்வுகள் முதலில் சில வகுப்புகளுக்கு நீக்கப்பட்டன. 2022இல் வந்த அடுத்த அறிவிப்பின்படி, 2023க்குள் எல்லாத் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கும் அவை நிறுத்தப்பட்டன.

கீழ்த் தொடக்கநிலைப் பிள்ளையின் ரிப்போர்ட் புக்கில் இப்போது ஒவ்வொரு பாடத்திலும் சில திறன்கள் பட்டியலிடப்பட்டிருக்கும். பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது 'டெவலப்பிங்' போன்ற சொற்களில் குறிக்கப்படும். அதோடு வகுப்பாசிரியரின் கருத்தும் இருக்கும்.

பிள்ளைகள் மதிப்பெண்ணைத் துரத்தாமல் கற்பதில் ஆர்வம் காட்ட வேண்டும், ஒருவரையொருவர் ஒப்பிட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்த மாற்றங்களின் நோக்கம்.

எண் போனதில் நல்லதா, கெட்டதா?

இரண்டும் இருக்கிறது.

கணிதத்தில் 68 என்று வந்தால் அது என்ன சொல்கிறது? கூட்டல் வரவில்லையா? கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதில் சிக்கலா? நேரம் போதவில்லையா? 68க்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் எதைச் சரிசெய்வது என்று அந்த எண் சொல்வதில்லை.

ஆனால் அது ஒரு வேலையைச் சரியாகச் செய்தது. அலாரம் மாதிரி அடித்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசாத பெற்றோர், ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி என யார் பார்த்தாலும் 85க்கும் 45க்கும் உள்ள வித்தியாசம் புரியும். 'டெவலப்பிங்' என்ற சொல் அப்படியில்லை. கவலைப்பட வேண்டுமா, வேண்டாமா என்பதே அதில் தெளிவாகத் தெரியாது.

அலாரம் அடிக்காத வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒரு சாரார், எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். தொடக்கநிலை 3இல் முதல் மதிப்பீட்டுத் தாள் வரும்போதுதான் தெரிய வருகிறது. இன்னொரு சாரார் பயந்துபோய்த் துணைப்பாட நிலையத்துக்குப் போகிறார்கள். பள்ளி தராத எண்ணை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

துணைப்பாடத்துக்குச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023இல் சுமார் 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டதாக வீட்டுச் செலவினக் கருத்தாய்வு காட்டியது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய கருத்தாய்வில் அது 1.4 பில்லியன். இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாத பதற்றமும் அதில் ஒன்று என்பதைப் பெற்றோர் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஆறாம் ஆண்டின் முடிவில் பிஎஸ்எல்இ இன்னும் இருக்கிறது. 4 முதல் 32 வரையிலான புள்ளி ஒன்று கைக்கு வரும். ஆரம்பத்தில் எண்ணே இல்லாத பாதையின் முடிவில் ஒரு பெரிய எண் காத்திருக்கிறது. பெற்றோரின் பயம் காரணமில்லாமல் வருவதில்லை.

பள்ளி உங்களோடு எப்படியெல்லாம் பேசுகிறது?

முதலாவது, பேரண்ட்ஸ் கேட்வே செயலி. 2019இல் அறிமுகமானது. சிங்பாஸ் மூலம் உள்ளே போகலாம். பள்ளி அறிவிப்புகள், கற்றல் பயணத்துக்கான ஒப்புதல் படிவம், விடுமுறைப் பயண விவரம், ஆசிரியரைச் சந்திக்க நேரம் பதிவுசெய்வது எல்லாம் அதில்தான். வசதியானதுதான். ஆனால் அதில் வருவதில் பெரும்பகுதி எல்லாப் பெற்றோருக்கும் பொதுவான தகவல். 'நாளைக்கு பிஇ உடை' என்று சொல்லும். 'உங்கள் மகன் கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறுகிறான்' என்று சொல்வது அதன் வேலை இல்லை.

இரண்டாவது, பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பு. உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் பேச நேரம் கிடைப்பது இங்கேதான். ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்கள்.

மூன்றாவது, பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் கோப்பு. பலர் இதில் கையெழுத்துப் போடுவதோடு சரி. உண்மையில் அதிகத் தகவல் உள்ள இடம் இதுதான். ஒரே மாதிரித் தவறு மூன்று தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அதை எந்த ரிப்போர்ட் புக்கும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

டீச்சருக்கு வாட்ஸ்அப் செய்யலாமா?

2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு, பள்ளியும் வீடும் இணைந்து செயல்படுவதற்கான வழிகாட்டிகளைப் புதுப்பித்தது. ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவசரம் தவிர, பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் வேலை தொடர்பான செய்திகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. பள்ளி மின்னஞ்சல், அலுவலகத் தொலைபேசி போன்ற அதிகாரபூர்வ வழிகளைப் பயன்படுத்தலாம்.

'அப்போ டீச்சர்கிட்ட பேசவே கூடாதா?' என்று சிலர் கோபப்பட்டார்கள். விஷயம் அதுவல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் சுமார் 30 பிள்ளைகள். ஒவ்வொரு பெற்றோருக்கும் வாரம் 10 நிமிடம் ஒதுக்கினால் 300 நிமிடம். அதாவது 5 மணி நேரம். தொடக்கநிலை 3க்கு மேல் ஒரு வகுப்பில் 40 பேர் வரை இருக்கலாம். அது கிட்டத்தட்ட 7 மணி நேரம் ஆகிவிடும். பாடம் நடத்துவது, திருத்துவது, இணைப்பாட நடவடிக்கை எல்லாம் போக இந்த நேரம் எங்கிருந்து வரும்? இரவு 10 மணிக்கு "ஸ்பெல்லிங் எந்தப் பக்கம் டீச்சர்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் நேரம், மறுநாள் பாடத்தைத் தயாரிக்கும் நேரத்திலிருந்துதான் போகிறது.

ஆகவே இரு தரப்பும் பேச வேண்டும், ஆனால் நேரம் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன பேசுவது என்பதுதான் கேள்வி.

எந்த மாதிரித் தகவல் உண்மையிலேயே உதவும்?

மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. கோடைக்கால மறுபயிற்சி வகுப்பில் இருந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு ஆசிரியர்கள் வாரம் ஒரு முறை ஒற்றை வாக்கியத்தில் செய்தி அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

செய்தி கிடைக்காத குழுவில் தேறாமல் போனவர்கள் 15.8 விழுக்காடு. செய்தி கிடைத்த குழுவில் 9.3 விழுக்காடு. 'நன்றாகச் செய்கிறான்' என்ற பாராட்டைவிட, 'இதை மேம்படுத்த வேண்டும்' என்று சொன்ன செய்திகளே அதிகம் உதவின.

அவர்கள் பதின்ம வயதினர், நம் கதையில் இருப்பவள் எட்டு வயதுச் சிறுமி. விழுக்காட்டை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் பாடம் எளிது: செய்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை, குறிப்பாக இருந்தால் போதும்.

இந்த இரண்டையும் ஒப்பிடுங்கள்.

'மீரா நல்ல பிள்ளை. இன்னும் கொஞ்சம் முயற்சி தேவை.'

'மீரா சொற்களைச் சரியாக வாசிக்கிறாள். ஆனால் கதை முடிந்ததும் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் வாசித்த பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்.'

முதலாவதை வைத்து வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை இன்று இரவே செய்யலாம். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

தமிழ் வகுப்பு என்ன ஆகிறது?

கீழ்த் தொடக்கநிலையில் வகுப்பாசிரியரே பெரும்பாலும் ஆங்கிலம், கணிதம் எல்லாம் எடுப்பார். தமிழாசிரியர் வேறொருவர். பல பள்ளிகளில் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் தமிழ்ப் பாடத்துக்கு ஒன்றாகக் கூடுகிறார்கள். அதனால் வகுப்பாசிரியரை மட்டும் சந்தித்துவிட்டு வந்தால் தமிழைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்காமலே ஆண்டு ஓடிவிடும்.

இது சாதாரண விடுபடல் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர். ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். பல பிள்ளைகள் தமிழில் முழு வாக்கியம் பேசும் ஒரே இடம் வகுப்பறை. அங்கே என்ன நடக்கிறது என்று வீட்டுக்குத் தெரியாவிட்டால், மொழி அங்கேயே நின்றுவிடும்.

இங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு மொழியும் தெரியும். இந்த வாரம் வகுப்பில் 'சந்தை' பற்றிய பாடம் என்று தெரிந்தால் போதும். தேக்காவுக்குப் போகும்போது "இது என்ன காய்? கிலோ எவ்வளவுன்னு கேளு" என்று பேச்சை ஆரம்பிக்கலாம். எழுத்துத் தமிழ் வராதே என்று தயங்க வேண்டாம். வகுப்பிலும் பேச்சுத் தமிழுக்கு இடம் உண்டு.

அடுத்த சந்திப்பில் என்ன கேட்பது?

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நல்லா செய்றான்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக:

- இந்தத் தவணையில் அவன் சுயமாகச் செய்யக் கற்றுக்கொண்டது என்ன? இன்னும் உதவி தேவைப்படுவது எதில்?

- இந்த வயதில் எதிர்பார்க்கும் அளவில் இருக்கிறானா, பின்தங்கியிருக்கிறானா? (நேரடியாகவே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.)

- புரியாதபோது கை தூக்குகிறானா, பேசாமல் இருந்துவிடுகிறானா?

- வீட்டில் தினமும் 10 நிமிடம் இருந்தால் எதைச் செய்யலாம்?

- தமிழாசிரியரைச் சந்திக்க எப்படி நேரம் பதிவுசெய்வது?

தகவல் எதிர்ப்பக்கமும் போக வேண்டும். தாத்தா மருத்துவமனையில் இருக்கிறார், புதிதாகத் தம்பி பிறந்திருக்கிறான், வீடு மாறினோம் போன்றவை ஆசிரியருக்குத் தானாகத் தெரியாது. திடீரென்று அமைதியாகிவிட்ட பிள்ளையைப் பார்த்து, பாடம் புரியவில்லையோ என்று அவர் நினைக்கக்கூடும். பள்ளி மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பதில் மறுநாள் வந்தாலும் பரவாயில்லை.