மகளுக்கு வீடு கொடுக்கும் பெற்றோருக்கு

வாப்பாமாரே, உம்மாமாரே, கோபிக்காமல் கேளுங்கள். நம் ஊர் இறக்காமத்தில் ஒரு வீட்டில் பெண் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே வளவு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். அவள் எட்டாம் வகுப்புக்கு வரும்போது அத்திவாரம், சாதாரண தரம் எழுதும்போது சுவரும் கூரையும். கட்டாரில் உழைத்த காசு, இரண்டு போக வயல் விளைச்சல், அடகுக்குப் போன நகை எல்லாம் அந்தக் கல்லுக்கும் சீமெந்துக்கும்தான். கல்யாணத்தன்று திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கண் கலங்குகிறோம். அந்த வீட்டின் தண்ணீரை எந்த வால்வில் மூடுவது, மெயின் சுவிச் எந்தச் சுவரில் இருக்கிறது, ட்ரிப் சுவிச் ஏன் விழுகிறது என்று அவளுக்கு ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தோமா?

மருமகன் வெளிநாடு போய்விடுகிறார். ஒரு மழை இரவில் கரண்ட் போகிறது. பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கிறது, இவள் வீட்டில் மட்டும் இருட்டு. உங்களுக்குக் கோல் எடுக்கிறாள். “விடியட்டும் மகள், வயரிங் பாஸைக் கூட்டிட்டு வாறன்” என்கிறீர்கள். கணவன் இல்லாத வீட்டுக்கு அந்நிய ஆண்கள் வந்துபோவதைப் பற்றி ஊரெல்லாம் கவலைப்படும் நாமே, ஒரு பிளக்கைக் கழற்றி மாட்டுவதற்கும் ஆள் தேட வேண்டிய நிலைமையில் அவளை வளர்த்திருக்கிறோம்.

வருகிறவரும் எல்லா நேரமும் வேலை தெரிந்தவராக இருப்பதில்லை. அடிக்கடி விழுகிறதென்று ட்ரிப் சுவிச்சையே விலக்கி, வயரை நேரடியாகக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போன ஒருவரை நானே பார்த்தேன். வீட்டுக்காரருக்குப் பெரிய சந்தோஷம், இனி விழாதாம்! வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமா என்று பார்ப்பதுதான் அந்தச் சுவிச்சின் வேலை. 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே, எங்கோ கசிகிறது, அது ஒரு பிள்ளையின் உடம்பு வழியாகவும் நிலத்துக்குப் போகலாம் என்று உடனே துண்டித்துவிடும். அதை எடுத்துவிட்டு அந்த வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். அந்த வீட்டு மகளுக்கு இந்த ஒன்று தெரிந்திருந்தால் அந்த மனிதரை வாசலிலேயே நிறுத்தியிருப்பாள்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைப் பகலில், நீங்கள் பக்கத்தில் நின்று, காய்ந்த கையோடும் காலில் செருப்போடும் பழக்கலாம். பெட்டியில் உள்ள சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் முதலில் இறக்கச் சொல்லுங்கள். பிறகு ட்ரிப் சுவிச்சைத் தூக்க வேண்டும். அப்போதும் அது நிற்கவில்லையென்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும், அது பாஸின் வேலை. நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துப் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். இப்போது விழாவிட்டால், மாட்டியிருந்த சாமான்களில் ஒன்றுதான் கள்ளன். பழைய கேத்தலாக இருக்கும், அல்லது வளவில் மழையில் நனைந்த மோட்டராக இருக்கும். அதை மட்டும் ஒதுக்கி வைத்தால் விடியும்வரை வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அந்தச் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறதே, மாதம் ஒருமுறை அதை அமர்த்திப் பார்க்கும் பொறுப்பையும் பிள்ளையிடமே கொடுங்கள். அமர்த்தியும் விழாத ட்ரிப் சுவிச் சுவரில் மாட்டிய வெறும் பெட்டிதான்.

“படிக்கிற பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்கிறீர்கள். இது படிப்பில்லையா? ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்து விளைவைப் பார்ப்பதைத்தான் விஞ்ஞானப் பாடத்துக்காக ரியூசன் வகுப்பில் காசு கொடுத்துப் படிப்பிக்கிறோம். அதே பிள்ளை வீட்டில் மின்விசிறி நின்றால் போனைத் தூக்கிக்கொண்டு காற்று வரும் இடம் தேடிப் போகிறது.

கைவேலையைத் தாழ்வாகப் பார்க்கும் இந்த நோய் புதிதும் அல்ல. 1972 கல்விச் சீர்திருத்தத்தில், பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, தொழில்முன்னிலைப் பாடங்கள் பாடசாலைக்குள் வந்தன. பிள்ளை தன் ஊர்த் தொழிலைப் படிக்க வேண்டும், கையாலும் செய்து பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். பெற்றோர் பலர் அதை இரண்டாந்தரப் படிப்பாகவே பார்த்தார்கள். 1977 ஆட்சி மாற்றத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. இன்றைக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து செய்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்றொரு பாடம் இருக்கிறது. 2013 முதல் உயர்தரத்திலேயே தொழினுட்பத் துறை இருக்கிறது. ஆனால் “கணிதத்துக்கு எத்தனை புள்ளி?” என்று கேட்கிற நாம், “செய்முறையில் என்ன செய்தாய், காட்டு” என்று கேட்பதில்லை.

தண்ணீர் விசயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் பைப், ஒரு நாளில் 20 லீட்டருக்குக் கிட்ட ஓடவிடுகிறது. மீட்டரில் 1,000 லீட்டர் ஒரு யூனிட். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். காசை விடுங்கள். ஒரு லீட்டருக்கும் குறைந்த தண்ணீரில் வுழூச் செய்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம், சொட்டும் பைப்புக்குக் கீழே வாளியை வைத்துவிட்டு மாதக்கணக்கில் இருக்கிறோம். உள்ளே இருப்பது ஒரு சின்ன ரப்பர் வாசர். வால்வை மூடி, பைப்பின் தலையைக் கழற்றிப் பிள்ளையின் உள்ளங்கையில் அந்த வாசரை வையுங்கள். நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்தவுடன், இறுக்கி இறுக்கி மூடியும் சொட்டு ஏன் நிற்கவில்லை என்று பிள்ளையே சொல்லும். இறுக்க இறுக்கப் பள்ளம் ஆழமாகிறது என்பதையும் சொல்லும்.

வளவுக் கிணற்று மோட்டர் சத்தம் போடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. அநேகமாகக் கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வில் இலையோ மணலோ சிக்கியிருக்கும். பைப்பில் நின்ற தண்ணீர் கீழே இறங்கிக் காற்று புகுந்துவிடும். பிளக்கைக் கழற்றி, மோட்டரின் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பிவிட்டுப் போட்டால் ஏறும். மறுநாளும் அதே கதையென்றால் ஃபுட் வால்வைத் தூக்கிக் கழுவ வேண்டும். வெறுமனே ஓடவிட்டால் மோட்டரின் சீல் கருகிப்போகும்.

ஆண் பிள்ளைகளின் பெற்றோர் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் பையன்கள் நம்மிடமிருந்து பழகாமல் இல்லை, பிழையானதைத்தான் பழகுகிறார்கள். வயலில் மருந்து டேங்கின் நொசில் அடைத்தால் வாயால் ஊதுவது யாரைப் பார்த்து? நஞ்சு படிந்த நொசிலை உதட்டில் வைக்கிறான். கையுறை போட்டுத் தண்ணீரில் அலசி, அதற்கென்றே ஒதுக்கிய பழைய பல்தூரிகையால் தேய்த்தால் போதும். இதைச் சொல்லிக் கொடுக்காத வாப்பாவுக்கு நான் சலுகை காட்டத் தயாரில்லை.

நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்தார்கள் என்பதை ஜும்ஆவில் கேட்கிறோம், தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்ததும், மண்வெட்டியின் ஆடும் பிடிக்கு ஆப்பு அடிப்பது கௌரவக் குறைச்சலாகிவிடுகிறது. அறுபது வயதுக்காரருக்குத் தெரிந்ததைப் பதினாறு வயதுக்காரன் அறியாமல் வளர்வதற்கு நாம்தான் பொறுப்பு. “உனக்கு ஏலாது, விடு, உடைச்சிடுவாய்” என்று கையிலிருந்து பறித்தவர்கள் நாம்.

எல்லையையும் சொல்லி வையுங்கள். மின்கம்பத்திலிருந்து வரும் வயர், மீட்டர், சுவருக்குள் ஓடும் வயரிங், கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர், கூரை உச்சி இவற்றில் பிள்ளை கை வைக்கக் கூடாது. உரிய ஆளைத்தான் கூப்பிட வேண்டும். வந்தவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கவும் ஏன் என்று கேட்கவும் பிள்ளைக்குப் பழக்கம் வேண்டும். கேள்வி கேட்கும் வீட்டில் யாரும் ட்ரிப் சுவிச்சை விலக்கிவிட்டுப் போக மாட்டார்கள்.

இப்போது மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சுவர் பூசுவதற்கு முன் அவளை அங்கே கூட்டிப் போங்கள். பைப் எந்தச் சுவரில் ஓடுகிறது, வயர் எந்த மூலையில் இறங்குகிறது, மலக்குழி மூடி எங்கே வரப்போகிறது என்று அவளே அளந்து ஒரு கொப்பியில் வரையட்டும். போனில் படமும் எடுத்து வைக்கட்டும். பூச்சு ஏறிய பிறகு அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று மேசனுக்கே மறந்துவிடும்.