இடைவேளையில் செல்போனை மூடிவைத்தவர்களுக்கு



2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் ஒரே பேச்சு கார் ரேஸ்தான். ஃபார்முலா 4 ஓடுமா ஓடாதா, தீவுத்திடல் பக்கம் எந்த ரோட்டை மூடியிருக்கிறார்கள் என்பதிலேயே நம் வாட்ஸ்அப் குரூப்களுக்குப் பொழுது போய்விட்டது. அதே சாயங்காலம் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் டூரண்ட் கோப்பை கால்பந்து ஃபைனல் நடந்தது. நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? எங்கள் ஆபீஸில் லே-அவுட் செய்யும் தம்பி ஒருவர் மட்டும் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை வந்ததும் அவரும் மூடிவைத்துவிட்டார். "அவ்ளோதான் சார், மோகன் பகான் ரெண்டு கோல் போட்டாச்சு" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

டூரண்ட் கோப்பை, ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி. 1888-ல் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காக சிம்லாவில் ஆரம்பித்தது. இன்றும் ராணுவம்தான் நடத்துகிறது. குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டீம் 1950-களில் இரண்டு முறை இந்தக் கோப்பையை ஜெயித்திருக்கிறது. நம் ஊர் ஸ்கூல் பிள்ளைகளிடம் இதை யாராவது சொல்லியிருப்போமா?

அதிக முறை வென்ற டீம், மோகன் பகான். மொத்தம் 17 தடவை. 2023-லும் அவர்கள்தான். 1911-ல் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, இங்கிலீஷ் பட்டாள டீமைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய கிளப் அது. கொல்கத்தாவில் தாத்தா எந்த டீமோ அப்பாவும் அந்த டீம், பேரனும் அந்த டீம். மோகன் பகான் ஜெயித்தால் அந்த வீட்டில் இறால் சமைப்பார்கள். அதே ஊர் எதிரணியான ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் ஹில்சா மீன். மேட்ச் ரிசல்ட் சமையல்கட்டு வரைக்கும் வந்துவிடுகிற ஊர்!

எதிரே நின்றது நார்த் ஈஸ்ட் யுனைடெட். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆரம்பித்தபோது கூடவே பிறந்த குவாஹாட்டி டீம். டூரண்ட் ஃபைனலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை பத்து வருஷமாக ஒரு கோப்பைகூட இல்லை.

2022-23 ஐ.எஸ்.எல். சீசன் இன்னும் மோசம். 20 மேட்ச் ஆடி 17-ல் தோற்றார்கள். இரண்டு டிரா, ஒரே ஒரு வெற்றி. மொத்தம் 5 பாயின்ட்டோடு கடைசி இடம். அந்த ஒரே வெற்றி யாரோடு தெரியுமா? இதே மோகன் பகானோடுதான். அந்த சீசன் கோப்பையை வாங்கிய டீமையும் ஒரு நாள் மடக்கியிருக்கிறார்கள்!

எனக்கு நினைவெல்லாம் அந்த சீசனிலும் டிக்கெட் வாங்கி ஸ்டேடியத்துக்குப் போன குவாஹாட்டி வீடுகள் மேல்தான். வாராவாரம் தோற்கிற டீமின் ஜெர்ஸியைத் துவைத்து, காயப்போட்டு, மறுபடி பிள்ளைக்கு மாட்டிவிட்ட அம்மாக்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? "வேற நல்ல டீமா பார்த்துக்கோயேன்டா" என்று பக்கத்து வீட்டு மாமா கிண்டல் செய்திருப்பார் இல்லையா?

சரி, அந்த இடைவேளைக்குப் பிறகு என்ன ஆனது? 55-வது நிமிஷம் மொராக்கோக்காரர் அஜராய் ஒரு கோல். மூன்றே நிமிஷத்தில் கில்லெர்மோ ஃபெர்னாண்டஸ் இன்னொன்று. 2-2. அதற்குமேல் யாரும் கோல் போடவில்லை. பெனால்டி ஷூட் அவுட்.

அங்கேயும் மோகன் பகானுக்குத்தான் கை ஓங்கியிருக்க வேண்டும். காலிறுதி, அரையிறுதி இரண்டையுமே அவர்கள் பெனால்டியில்தான் தாண்டி வந்திருந்தார்கள். கோல்கீப்பர் விஷால் கைத் அந்த வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அன்று நாள், எதிர்ப் பக்கத்து கோல்கீப்பர் குர்மீத் சிங்குடையது. லிஸ்டன் கொலாசோ அடித்ததைத் தடுத்தார். கேப்டன் சுபாசிஷ் போஸ் அடித்ததையும் தடுத்தார். 4-3 என்று நார்த் ஈஸ்ட் ஜெயித்தது. அந்த டீமில் நன்றாக ஆடிய ஜிதின், திருச்சூர்க்காரர். போட்டியின் சிறந்த வீரர் பரிசும் அவருக்கே.

இதை "அதிசயம்" என்று எழுத எனக்கு மனசில்லை. கடைசி இடத்தில் கிடந்த டீமுக்கு 2023-ல் ஹுவான் பெத்ரோ பெனாலி என்கிற ஸ்பெயின்காரர் கோச்சாக வந்தார். ஒரு சீசன் முழுக்க அவர் வேலை பார்த்த பிறகு வந்த கோப்பை இது.

நம் வீடுகளில் இந்தப் பொறுமை இருக்கிறதா? நாம் பெரும்பாலும் ஜெயித்த பிறகு ரசிகராகிறவர்கள். ஐ.பி.எல்.லில் நம் டீம் நாலு மேட்ச் தோற்றால் ரிமோட் சீரியல் பக்கம் போய்விடுகிறது. பையன் இன்டர்-ஸ்கூல் மேட்ச்சில் முதல் ரவுண்டில் தோற்றால், "டியூஷனை விட்டுட்டுப் போனியே, என்ன கிடைச்சுது?" என்று கேட்கிறோம். கேட்காத வீடு இருந்தால் எழுதுங்கள், சந்தோஷமாகப் பிரசுரிக்கிறேன்.

ஒரு டீமோடு விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள், ஃபைனலுக்கு இரண்டு வாரம் முன்னால் அதே கொல்கத்தாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 18-ல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத வேண்டியது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு ஊரே தெருவில் இருந்த நேரம். பாதுகாப்புப் பிரச்னை என்று மேட்ச்சை ரத்து செய்துவிட்டார்கள். மேட்ச் இல்லை என்று ரசிகர்கள் வீட்டில் உட்காரவில்லை. நூறு வருஷமாக ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்துவரும் இரண்டு பக்கமும், கூடவே கொல்கத்தாவின் இன்னொரு டீமான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும், அவரவர் டீம் கொடியோடு ஸ்டேடியம் வாசலில் ஒன்றாக நின்றார்கள். முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பெண்ணுக்காக. போலீஸ் தடியடியும் நடந்தது. அந்தக் கூட்டத்தை ஒரே நாளில் சேர்த்துவிட முடியாது. பல தலைமுறையாகச் சேர்ந்து கத்தி, சேர்ந்து அழுது பழகியவர்கள் அவர்கள்.

நம் ஊரிலும் கால்பந்து இல்லாமல் இல்லை. வியாசர்பாடி சந்துகளிலும், குமரி மாவட்டத் தூத்தூர் கடற்கரைக் கிராமங்களிலும் சாயங்காலமானால் பந்து உருளாத நாள் கிடையாது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் எழுதியதெல்லாம் பழைய செய்தி. மற்றவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஐ.எஸ்.எல்.லில் நம் ஊர் டீமும் உண்டு. சென்னையின் எஃப்.சி. தன் சொந்த ஊர் மேட்ச்களைப் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஆடும். இரண்டு முறை சாம்பியனான டீம்தான், ஆனாலும் தடுமாறிய காலமும் உண்டு. சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். இடைவேளையில் நம் டீம் ரெண்டு கோல் பின்தங்கியிருந்தால், பார்க்கிங்கில் கூட்டம் சேருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று வீட்டுக்காரர் எழுந்திருப்பார். உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்