லோடுக்குச் சாதி இல்லையாம், சரி… கம்பெனிக்கு?

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்ததும் நம் பிள்ளைகள் நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் பஸ் ஏறுகிறார்கள். எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது மூன்றுதான்: வண்டி புதுசா பார், பேட்டா எவ்வளவு கேள், முதலாளி நல்லவரா விசாரி.

நல்லவர்தான். யாருக்கு நல்லவர் என்பதே எங்கள் கேள்வி.

வேலை கேட்டுப் போனவனிடம் முதலில் கேட்பது ஊர்ப்பெயர். அடுத்தது, "ஊருக்குள்ளயா, காலனியா?" லைசென்ஸில் இல்லாத இந்த விவரம் ஸ்டியரிங் பிடிக்க எதற்கு? கேட்டால் "லோடுக்கு ஏதுப்பா சாதி" என்பார்கள். அப்படியானால் ஷெட்டைச் சுற்றிப் பாருங்கள். புது வண்டி யாரிடம் இருக்கிறது? பிரேக் பிடிக்காத பழைய வண்டியும், நாறும் கழிவு லோடும் யாருக்குப் போகின்றன? பல வருடம் கிளீனராகவே கிடப்பவன் எந்தத் தெருக்காரன்? சாதித் தலைவர் படம் ஒட்டிய கண்ணாடியில் அண்ணல் அம்பேத்கர் படம் ஒட்ட விடுவார்களா?

நெடுந்தூர நடையில் இரண்டு டிரைவர்கள் ஒரே கேபினில் தூங்கி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட வேண்டும். "இவனோடு சாப்பிட மாட்டேன்" என்று ஒருவன் சொன்னால், முதலாளி வண்டியை விட்டு யாரை இறக்குவார்? கம்பெனியை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது.

அடுத்து அட்வான்ஸ். தங்கை கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்று வாங்குகிறோம். டயர் வெடித்தால் அதில் ஏற்றுகிறார்கள், டீசல் மைலேஜ் குறைந்தால் அதில் ஏற்றுகிறார்கள். கடன் தீராமல் வேறு கம்பெனிக்குப் போக முடியாது. ஒரிஜினல் லைசென்ஸ் அவர்கள் பீரோவில். கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் அதற்குப் பெயர் கொத்தடிமை முறை. அதை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் தாத்தாக்களைப் பண்ணையில் கட்டிய அதே கயிறு இப்போது டீசல் வாசனையோடு வருகிறது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. நெடுந்தூர வண்டிக்குக்கூட நாளைக்கு 10 மணி நேரம்தான் உச்சம் என்று அது வைத்திருந்தது. நேரத்துக்கு லோடு இறக்கச் சொல்லி விடிய விடிய போனில் விரட்டும் கம்பெனி எந்தச் சட்டத்தில் ஓடுகிறது? ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றச் சொன்னது கம்பெனி. பிடிபட்டால் யார் கட்டுவது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சம்பளச் சான்று. வேலையில் டிரைவர் இறந்தால் குடும்பத்துக்குச் சேரும் இழப்பீட்டை அவர் வயதையும் மாதச் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடுவதாக 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அமைந்தது. கையில் கொடுத்த பேட்டாவுக்கு ஏது சீட்டு? "அவன் எங்க டிரைவரே இல்லை" என்று முதலாளி கைவிரித்தால், அந்த வீட்டுப் பெண் எதைக் காட்டி வழக்காடுவாள்? சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடாத கம்பெனி, உயிரோடு இருக்கும்போதே நம்மைக் கணக்கிலிருந்து அழித்துவிட்ட கம்பெனி.

"இத்தனையும் கேட்டால் யார் வேலை தருவார்கள்?" என்பீர்கள். நியாயம். தனியாகக் கேட்பவனைத் துரத்தத்தான் செய்வார்கள். அதனால் முதலாளியிடம் போவதற்கு முன், அங்கிருந்து விலகிய இரண்டு டிரைவர்களைப் பிடியுங்கள். கடைசி மாதக் கணக்கு முடித்தார்களா, லைசென்ஸ் திரும்ப வந்ததா, எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லியா, சாதி சொல்லியா?

பசி காத்திருக்காது, எங்களுக்கும் தெரியும். சேர்ந்துதான் ஆகவேண்டும் என்றால் சேருங்கள். ஆனால் அட்வான்ஸ் வாங்காமல் சேருங்கள். லைசென்ஸைக் கொடுக்காமல் சேருங்கள். ஒவ்வொரு நடையின் டிரிப் ஷீட்டையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாதி சொல்லித் திட்டினால் தேதியையும், இடத்தையும், உடன் இருந்தவர் பெயரையும் குறித்து வையுங்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஷெட்டுக்குள்ளும் செல்லும்.

கம்பெனி நம்மைச் சோதித்து எடுக்கிறது. நாமும் கம்பெனியைச் சோதித்துத்தான் ஏறுவோம்.

ஜெய் பீம்!