ஒப்பிப்பதற்குப் பெயர் வாசிப்பு அல்ல

மன்னார் உயிலங்குளப் பக்கத்துப் பிள்ளைகள் தரம் 3க்கு வந்தும் எழுத்துக்கூட்டித் திணறுவதற்குப் பெரியவர் ஒருவர் காரணம் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். அரிவரியை ஒப்பிக்கும் பழக்கம் போய்விட்டதாம். வகுப்பில் பாட்டும் விளையாட்டும் மிஞ்சிவிட்டனவாம். தாய் தகப்பனுக்கு அக்கறை இல்லையாம். தமிழ் எழுதியபடியே ஒலிக்கும் மொழி, 247 எழுத்தும் மனப்பாடமானால் வாசிப்புத் தானாக வரும் என்பது அவர் தீர்ப்பு. தரம் 1 பிள்ளை ஒன்றின் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்து, அது வாசிப்பதைக் கேட்டிருந்தால் இப்படி எழுதக் கை வந்திருக்காது.

தகர வரிசையைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு 'து'வை மட்டும் தனியே எழுதிக் காட்டுங்கள். "த, தா, தி, தீ" என்று வாய்க்குள் முதலிலிருந்து ஓடி வந்துதான் பல பிள்ளைகள் அதைப் பிடிக்கும். வரிசை தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. துணைக்காலை 'ர' என்று எண்ணிக் 'கால்' என்பதைக் 'கரல்' என்று வாசிக்கும் பிள்ளையும் உண்டு. 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால். நாக்கோ நடுவில் நிற்கும் ககரத்தில் தொடங்க வேண்டும். உகரத்துக்கு ஒரே குறியும் இல்லை: கு, சு, து என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைகிறது. 'பட்டம்', 'கம்பு' இரண்டிலும் பகரம் இருக்கிறது, ஒலி வேறு. இதையெல்லாம் ஓர் ஆள் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். நமக்கு நெருங்கிய எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் முழுவதும் பிள்ளைக்குப் பிடிபட நான்காம் வகுப்பு வரை செல்வதைக் காட்டியது. தானாக வருகிற காரியம் அல்ல இது.

"எங்கள் காலத்தில் இப்படித்தானே படித்தோம்" என்கிறார். அன்று பிடிபடாத பிள்ளை மாடு மேய்க்கவும் வயலுக்கும் கடலுக்கும் போனது. மிஞ்சியவர்கள் இன்று கட்டுரை எழுதுகிறார்கள். 1998இல் 14 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயமானது, 2016இல் அது 16 வயது வரை நீண்டது. அன்று விலகிப் போன பிள்ளை இன்று வகுப்பிலேயே இருக்கிறது. அதனால்தான் குறை நம் கண்ணில் படுகிறது.

பெற்றோர்மீது அவர் சுமத்தும் பழியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இன்று தரம் 1 பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் யார்? உயிலங்குளம் சோதனைச்சாவடியாக இருந்த காலத்தில் பள்ளிக்கூட வயதில் இருந்தவர்கள். 2007, 2008இல் அடம்பன், மடு, விடத்தல்தீவு என்று ஊர் ஊராக எழும்பி வன்னிக்குள் ஓடி, 2009இல் செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் இருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்! தங்கள் படிப்பைப் போர் தின்ற பிறகு, கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்து, பிள்ளையைச் சீருடை போட்டு அனுப்புகிறார்கள். அதைவிட என்ன அக்கறை வேண்டும்? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றால், வகுப்பில் கற்பிப்பதற்குத்தான் அது கூடுதல் நியாயம்.

பாட்டு வேண்டாம் என்பதும் தவறு. 'மரம்' என்ற சொல்லை ம-ர-ம் என்று காதால் பிரித்தறியாத பிள்ளைக்குக் கண்ணால் எழுத்தைக் கூட்டவும் வராது. அந்தக் காதைப் பழக்குவது பாட்டுத்தான்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சியைத் தரம் 3இலேயே தொடங்க வேண்டும் என்ற அவருடைய யோசனை இருக்கிறதே, அதுதான் பெரிய கேடு. வினாவை வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் வினாத்தாளைக் கொடுத்து, பிறகு அதற்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டுகிறோம். மெல்லக் கற்றது பிள்ளை அல்ல, கற்பிக்காமல் விட்டது நாங்கள்.

அதிபர்மாரிடமும் மன்னார், மடு வலய அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். வெட்டுப்புள்ளியை எண்ணி உங்கள் மிகச் சிறந்த ஆசிரியரைத் தரம் 5க்கு ஒதுக்காதீர்கள். அவரைத் தரம் 1க்கு அனுப்புங்கள். வாரத்தில் ஒரு தடவையாவது ஒவ்வொரு பிள்ளையும் அவர் பக்கத்தில் தனியாக இருந்து வாசிக்க நேரம் ஒதுக்குங்கள்.