செத்த பிறகுதான் மாலையா?

29 வயது. சாகிற வயதா அது?

1959 அக்டோபர் 8-ந் தேதி பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சென்னையில் கண்ணை மூடினார். சினிமாவுக்குப் பாட்டு எழுத ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் இளம் மனைவி, கைக்குழந்தை. மனிதனின் கதை அத்தோடு முடிந்தது. பாட்டின் கதை முடியவில்லை!

குன்னத்தூர் வட்டாரத்தில் இன்றைக்கும் அந்தப் பாட்டுகள் கேட்கின்றன. பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூர் போகும் பஸ்ஸில் கேட்கின்றன. டீக்கடையில் கேட்கின்றன. மே தினக் கொடியேற்றத்தில் கேட்கின்றன. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது தாத்தா காலத்துப் பாட்டு. ஆனாலும் தலையை ஆட்டுகிறான்.

"யார் பாட்டு தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வரும்: "எம்.ஜி.ஆர். பாட்டுங்ணா!"

எழுதியவர் பெயர் கேட்டால் முழிக்கிறான். குற்றம் பையன்மேல் இல்லை. சொல்லிக் கொடுக்காத ஊர்மேல்தான் குற்றம்.

செத்தும் பேசிய கவிஞர்

கல்யாணசுந்தரம் பிறந்தது 1930 ஏப்ரல் 13-ந் தேதி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு கிராமத்தில். உழவு வேலை முதல் பல வேலை பார்த்தவர். பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கற்றவர். 'ஜனசக்தி' பத்திரிகையில் கவிதை எழுதியவர். பசி, கூலி, கடன் எல்லாம் அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயங்கள் அல்ல.

'நாடோடி மன்னன்' 1958-ல் வந்தது. 'கல்யாணப் பரிசு' 1959-ல் வந்தது. இரண்டையும் அவர் கண்ணால் பார்த்தார். ஆனால் மில் தொழிலாளர் கதையான 'இரும்புத்திரை' 1960 பொங்கலுக்குத்தான் வந்தது. 'அரசிளங்குமரி'யும் 'திருடாதே'யும் 1961-ல் வந்தன. அந்தப் படங்களில் சின்னப் பையன்களுக்குச் சொல்லும் புத்திமதியாக அவர் எழுதிய பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் பரவின. கைதட்டல் வானைப் பிளந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை!

அங்கேயும் இதே கதை

இது தமிழ்நாட்டுக் கதை மட்டும் அல்ல. தாளத்துக்கு வசனம்போலப் பேசிப் பாடுவதை 'ராப்' என்கிறார்கள். அமெரிக்காவில் ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் சுடப்பட்டு, 1996 செப்டம்பர் 13-ந் தேதி இறந்தார். வயது 25. உயிரோடு இருந்தபோது வந்த இசைத்தட்டுகளைவிட, இறந்த பிறகு வந்தவை அதிகம். 2012-ல் அவர் உருவத்தை ஒளியால் மேடையில் நிறுத்திப் பாடுவதுபோலவே காட்டினார்கள். கூட்டம் அலறியது.

பஞ்சாபில் சித்து மூசேவாலா 2022 மே 29-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகள் பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் லட்சோபலட்சம் பேர் காது கொடுத்தார்கள்.

அப்படியானால் அகால மரணம்தான் புகழைக் கொண்டுவருகிறதா?

இல்லை. சின்ன வயதில் செத்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாருடைய பெயருமா நிற்கிறது? சாவு ஒரு வேலை செய்கிறது: ஆளைக் கிழவனாக்காமல் நிறுத்திவிடுகிறது. போட்டோவில் இருக்கும் முகம் என்றைக்கும் வாலிப முகம். "இன்னும் இருந்திருந்தால்..." என்ற ஏக்கம் ஜனங்களைப் பிடித்துக்கொள்கிறது. வியாபாரிகளும் அந்த ஏக்கத்தை விற்கிறார்கள். ஆனால் ஏக்கம் பத்து வருஷம் தாங்கும். அறுபது வருஷம் தாங்காது. அதற்குப் பாட்டில் சரக்கு வேண்டும்.

'இரும்புத்திரை'யில் ஒரு பாட்டு உண்டு. வாங்கிய சம்பளம் வீடு சேருமுன்பே கரைந்துபோவதைச் சொல்லும் பாட்டு. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கி, மளிகைக் கடைக்கும் வீட்டு வாடகைக்கும் பிரித்துவிட்டு, திங்கட்கிழமை பஸ் காசுக்குக் கையைப் பிசையும் பனியன் தொழிலாளிக்கு அது பழைய பாட்டா? போன வாரப் பாட்டு! கேட்பவன் வாழ்க்கை மாறாததால் பாட்டும் சாகவில்லை. இது கவிஞருக்குப் பெருமை. நாட்டுக்குப் பெருமையா?

22 வருஷம், 34 வருஷம்

ஆட்சியில் இருந்தவர்கள் பட்டுக்கோட்டையாரை மறக்கவில்லை என்பது உண்மை. தன் முதல்-அமைச்சர் நாற்காலியின் கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையார் பாட்டு என்று எம்.ஜி.ஆர். சொன்னதாக இன்றும் பேசுகிறார்கள். 1981-ல் அரசு பாவேந்தர் விருது கொடுத்தது. கவிஞர் மறைந்து 22 வருஷம் கழித்து! 1993-ல் அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. 34 வருஷம் கழித்து!

மகாகவி பாரதியார் 1921-ல் மறைந்தார், வயது 38. அவர் பாடல்களின் உரிமையை அரசு வாங்கிப் பொதுச் சொத்தாக்கியது 1949-ல். அதற்கு 28 வருஷம்.

ஆக, புகழுக்கு அவசரம் இல்லை. நிதானமாக வரும். ஆனால் அடுப்புக்கு அவசரம் உண்டே!

அந்தக் காலத்தில் சினிமாப் பாட்டுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுப்பார்கள். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்கு எழுதி வாங்கிய பாட்டு தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. 2012-ல் வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டம்தான் நிலைமையை மாற்றியது. பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள பங்கை இனி யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், ராயல்டி வசூல் செய்யும் சங்கத்துக்குக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

சட்டம் வந்துவிட்டது. வழக்கம் மாறியதா? 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் பூராவும் ஓடியது. அதை எழுதிப் பாடிய அறிவின் படம் ஒரு பத்திரிகை அட்டையில் விடுபட்டது. சத்தம் கிளம்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2024-ல் அதே பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அதிலிருந்து வருமானமே வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். உயிரோடு இருப்பவர்களுக்கே இந்தக் கதி!

ஊர் செய்யட்டும்!

கட்டிங் டேபிளிலும் செக்கிங்கிலும் வேலை பார்த்துக்கொண்டே செல்போனில் ராப் எழுதிப் பாடும் பையன்கள் இந்த வட்டாரத்திலும் இருக்கிறார்கள். "வெட்டி வேலை" என்று வீட்டில் திட்டு. "ஓசியில் ஒரு பாட்டுப் பாடு" என்று விழாக் கமிட்டியின் அன்புக் கட்டளை!

மைக் செட்டுக்கு வாடகை உண்டு. பந்தலுக்குப் பணம் உண்டு. பாட்டு எழுதியவனுக்கு மட்டும் ஒரு சால்வையா? கோயில் விழாவோ, கம்பெனி ஆயுத பூஜையோ, பாடுகிற உள்ளூர்ப் பையனுக்குப் பேசிய கூலியைக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். கச்சேரி மேடையில் பாடகர் பெயரைச் சொல்லும்போது பாட்டு எழுதியவர் பெயரையும் சொல்ல வேண்டும். அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. பையன்களும் யாரோ நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. 2012 சட்டம் என்ன சொல்கிறது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பட்டுக்கோட்டையார் எந்த டேபிளில் நின்று துணி வெட்டுகிறாரோ, யார் கண்டார்கள்? மாலை போடுவதானால் அவர் கழுத்தில் போடட்டும். படத்துக்குப் போட ஆயிரம் பேர் வருவார்கள்!