பரிவா, தன்னருட்டலா?

மில்லிங் இயந்திரத்தைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவது முறையோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணத்திலே 'மில்' என்றதும் நெல்லுக் குத்தும் ஆலையே நினைவிற்கு வரும். நாம் கூறுவது அதுவன்று. பல பற்களையுடைய கட்டரைச் சுழலவிட்டு, மேசையிற் பிணித்த இரும்பை அதனெதிரே நகர்த்தி, மட்டமாகவும் தவாளிப்பாகவும் சீவியெடுக்கும் பொறியையே ஈண்டுக் குறிக்கின்றோம். அப்பொறியை அலறச் செய்யும் அதிர்வுக்கு நம் மாணவர் இட்டு வழங்கும் பெயர் பிழை என்பதும், பெயர் பிழைத்தமையால் மருந்தும் பிழைக்கின்றது என்பதும் நம் கருத்து. பெயரைப் பற்றிய வழக்கிலே தமிழாசிரியர் சாட்சி சொல்லலாமன்றோ?

சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒருவரின் பட்டறைக்குச் சென்றிருந்தோம். நீர்ப்பம்பி ஒன்றின் அடித்தகட்டை இளைஞர் ஒருவர் மில்லிங் இயந்திரத்திற் சீவிக்கொண்டிருந்தார். திடீரெனக் காதைப் பிளக்கும் ஓசை எழுந்தது. தகட்டின் முகத்திலே மீன்செதில் போல வரிகள் விழுந்தன. "பரிவு சேர், வேகத்தைக் குறைத்தாற் சரி" என்றார் இளைஞர். 2013 இல் தொடங்கப்பெற்ற உயர்தரத் தொழினுட்பவியற் பிரிவிலே தமிழிற் கற்றவர் அவர். வேகத்தைக் குறைத்தார். ஓசையின் குரல் மாறிற்றேயன்றி ஓசை ஒழியவில்லை. பின்னர் உரிமையாளர் வந்தார். நீண்டு தொங்கிய கட்டரை உள்ளே தள்ளிப் பூட்டினார். அசையவேண்டாத சறுக்கிகளின் பூட்டுகளையும் இறுக்கினார். ஓசை அடங்கிற்று. காரணம் கேட்டோம். "அப்படித்தான் செய்கிறது, வாத்தியார்" என்று சிரித்தார்.

அவர் கைக்குத் தெரிந்தது இளைஞர் நூலில் இல்லை; இளைஞர் நூலில் உள்ளதோ அவ்விடத்துக்குப் பொருந்தவில்லை. பரிவு என்பது அருமையான சொல். தமிழகத்தார் ஒத்ததிர்வு என்பதை நம் பாடநூல்கள் பரிவு என்கின்றன. புறத்திலிருந்து ஒழுங்காக வரும் தட்டு ஒரு பொருளின் இயல்பான மீடிறனோடு இயையும்போது அப்பொருள் பெரிதாக ஆடுகின்றது. பிறர் துயர்க்கு நெஞ்சம் இரங்குவது போல. ஆயின் பட்டறையில் நிகழ்ந்தது அத்தகைய இரக்கமன்று.

நல்லூர்த் திருவிழாவிலே தவிலையும் நாகசுரத்தையும் ஒருங்கு கேட்டவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. தவில் அடித்தால் ஒலிக்கும். அடி நின்றால் அடங்கும். நாகசுரக்காரரோ ஒருவரும் தட்டாமல், சீராக மூச்சை விடுகின்றார். சீவாளி அச்சீரான மூச்சைத் தானே துடிப்பாக மாற்றிக்கொள்கின்றது. கட்டரின் அலறல் பெரும்பாலும் நாகசுர இனத்தது. ஒரு பல் சற்றே அசைந்து இரும்பில் அலை ஒன்றை விட்டுச் செல்கின்றது. அடுத்த பல் அவ்வலையின் மீது வெட்டுகின்றது. சீவலின் தடிப்புக் கூடிக் குறைகின்றது. விசையும் கூடிக் குறைகின்றது. அப்பல் முன்னையதினும் பெரிய அலையை விடுகின்றது. இயந்திரம் தன் எழுத்தைத் தானே படித்துத் தானே கலங்குகின்றது என்னலாம். இவ்வதிர்வு பொறியாளர்க்கு நேரும் சிக்கல்களுள் மிக மறைபொருளானது என்று அமெரிக்கரான டெயிலர் 1907 ஆம் ஆண்டிலேயே எழுதினார். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே பிரித்தானியாவில் தோபியாசும் செக்கோசிலோவாக்கியாவில் துலுஸ்தியும் தத்தம் துணைவரோடு இம்முடிச்சைத் தெளிவாக அவிழ்த்தனர்.

இதனைத் தன்னருட்டல் அதிர்வு என்று வழங்குவோமாக. 'உறங்கும் பிள்ளையை அருட்டாதே' என்பது நம் வீடுகளில் நாளும் கேட்கும் பேச்சு; நம் விஞ்ஞான நூல்களிலும் அருட்டல் என்னும் சொல் உண்டு. வெட்டும் ஆழம் ஓர் எல்லையைக் கடக்கும்வரை உறங்கிக் கிடந்து, கடந்ததும் விழித்தெழுவது இவ்வதிர்வின் இயல்பாதலின் சொல்லும் பொருந்துகின்றது.

பெயர் பிரிந்தால் நோயையும் பிரித்தறியலாம். நான்கு பல்லுடைய கட்டர் நிமிடத்துக்கு 600 முறை சுழன்றால், செக்கனுக்கு 40 முறை இரும்பைத் தட்டும். கேட்கும் ஓசையின் மீடிறன் 40, 80, 120 என அதன் மடங்காயின், அது வலிந்த அதிர்வு, தவில் இனம். 110 எனக் காட்டினால் அது பெரும்பாலும் தன்னருட்டல். இன்று சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசியே இவ்வெண்ணை அளந்து தரும். 110 ஐ அறுபதாற் பெருக்கி நான்கால் வகுத்தால் 1650, அதன் பாதி 825, மூன்றிலொன்று 550. இவ்வேகங்களுள் ஒன்றை அணுகினால், ஒரு பல் விட்ட அலையும் அடுத்த பல் ஆடும் ஆட்டமும் ஒன்றோடொன்று இணைந்து செல்ல, சீவலின் தடிப்பு மாறாது நிற்கும். ஆகவே 600 இலிருந்து 825 இற்கு வேகத்தைக் கூட்டுவதே மருந்தாதலும் உண்டு! பழைய இயந்திரத்திலே பற்சக்கரங்கள் தரும் வேகங்கள் சிலவே. வேண்டிய வேகம் கிட்டாதாயின், பற்களின் இடைவெளி சமனற்ற கட்டரைப் பூட்டினால் அலைகள் ஒழுங்காகத் தொடரமாட்டா.

உரிமையாளர் செய்ததற்கும் காரணம் உண்டு. ஒருமுனையிற் பிடித்த தண்டின் நீளத்தைப் பாதியாக்கினால், அதே விசைக்கு அது வளையும் அளவு எட்டிலொன்றாகின்றது. வேகத்தைக் குறைக்கும் வழக்கமும் முற்றும் பொய்யன்று. மிகக் குறைந்த வேகத்திலே பல்லின் பின்முகம் அலைகளின்மேல் உராய்ந்து ஆட்டத்தைத் தணிக்கும். ஆயின் அதற்கு விலை நேரம். கூலிக்கு வேலை செய்யும் சிறு பட்டறைக்கு அது சிறு விலையன்று.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்கே கற்பிக்கும் மொழி ஆங்கிலம். பட்டறையின் மொழி தமிழ். இடையே நிற்பவர் நம் உயர்தர மாணவர். அரசகரும மொழித் திணைக்களத்தார் அக்காலத்தில் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் பின்னர், பட்டறைக்கென நாம் தொகுத்தவை போதா. கொழும்பிலும் கடல்கடந்தும் பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர், தத்தம் இயந்திரத்துக்கு வரும் நோய் ஒன்றையும் அதன் காரணத்தையும் தமிழில் எழுதி அனுப்புவாராயின், அவற்றைச் செப்பஞ்செய்து மாணவர் கையிற் சேர்க்கும் பணியை நாம் மேற்கொள்வோம். சொல் அகப்படாத இடத்தில் விளக்கமாக எழுதினாலும் போதும்.

'கட்டர்' என்பதற்கு நல்ல தமிழ் வேண்டும் என்பாரும் உளர். அது கிடக்கட்டும், அச்சொல்லால் எவருடைய கையும் தவறியதாக நாம் கேட்டதில்லை.