கை வியர்வையும் நெஞ்சறை நரம்பும்



தையல் வேலை செய்யும் வாசகி ஒருவரின் கடிதத்தை வைத்தே இம்மாதம் பேசுவோம். சிறு வயதிலிருந்தே அவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. வெள்ளைத் துணியில் ஈரம் படுகிறது, ஊசி துருப்பிடிக்கிறது. "இடம்பெயர்ந்து திரிந்த காலத்துப் பயம் இன்னும் போகவில்லை" என்கிறார்களாம் வீட்டில். சத்திரசிகிச்சை செய்தால் முற்றாக நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காப்பை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

பயத்தில் எல்லோருக்கும் கை வியர்க்கும். ஆனால் சிறு பராயத்தில் தொடங்கி, இரு கைகளிலும் ஒரே மாதிரி வந்து, உறக்கத்தில் நின்றுவிடும் வியர்வை உடலின் இயல்பு. தாய்க்கோ மாமனுக்கோ அது இருந்திருக்கக்கூடும். இரவில் உடம்பெல்லாம் வியர்த்து உடலும் மெலிந்தால் அது வேறு. காசநோயா, தைரொயிட் கோளாறா என்று தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

கையை வியர்க்கச் செய்யும் கட்டளை பரிவு நரம்பு வழியாக வருகிறது. முள்ளந்தண்டின் இரு பக்கமும் மணி கோத்த மாலை போல இந்த நரம்பு ஓடுகிறது. நெஞ்சறையின் மேற்பகுதியில் அது விலா என்புகளின் தலைப்பகுதிக்கு மேலாகச் செல்கிறது. கைக்குரிய இழைகள் அங்கிருந்து ஏறிக் கைக்குப் போகின்றன. சத்திரசிகிச்சையில் அக்குளில் சிறு துளையிட்டு, கமெரா மூலம் பார்த்து, இந்த மாலையை ஓரிடத்தில் துண்டிக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்த மாலை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. கழுத்தின் கீழ் மணியும் நெஞ்சின் முதல் மணியும் பத்தில் எட்டுப் பேரளவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், மற்றவர்களுக்குப் பிரிந்திருக்கும். ஒருவருடைய வலப்பக்கமும் இடப்பக்கமுமே வேறுபடலாம். 1927 இல் அல்பேர்ட் குன்ட்ஸ் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் இன்னொன்றை விபரித்தார். இரண்டாம் விலா இடை நரம்பிலிருந்து முதலாம் நெஞ்சு நரம்புக்கு ஒரு தனி இழை சிலரிடம் செல்கிறது. பிரதான வீதியை மறித்தாலும் ஒழுங்கையால் போய்ச் சேருவது போலத்தான். மாலையைத் துண்டித்தும் சிலருக்குக் கை வியர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதனால் சில நிபுணர்கள் விலா என்பின் மேலாகப் பக்கவாட்டிலும் தேடி அந்த இழையையும் துண்டிக்கிறார்கள்.

மேலே உள்ள மணி பழுதுபட்டால் அந்தப் பக்கக் கண்மடல் சரியலாம், கண்மணி சுருங்கலாம். இதைவிட அடிக்கடி வருவது வேறு தொல்லை. கை காய்ந்துவிடும், முதுகும் வயிறும் தொடையும் நனையும். எங்கள் வெயிலில் உடுப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். துண்டித்ததைப் பழையபடி ஆக்குவதும் எளிதல்ல. காப்பைக் கழற்றுமுன் இதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று எங்கள் பெண்களுக்கே உரியது. நெஞ்சில் செல் துண்டு பட்டவர்களுக்கும் முன்பு காசநோய் வந்தவர்களுக்கும் சுவாசப்பை நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். அப்போது கமெராவை உட்செலுத்துவதே கடினம். பழைய காயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை கடைசிப் படி. முதலில் அலுமினியம் குளோரைட் கரைசலை இரவில் நன்கு உலர்ந்த கையில் பூசிக் காலையில் கழுவிப் பார்க்கலாம். கை எரிந்தால் நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். கையைத் தண்ணீர்த் தட்டில் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும், உடலில் உலோகத் தகடு வைத்தவர்களுக்கும் அது பொருந்தாது. செல் துண்டு உள்ளே இருப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் கம்பி பொருத்தி ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்! சில மாதங்களுக்குப் பலன் தரும் ஊசியும் இருக்கிறது, ஆனால் விலை அதிகம், உள்ளங்கையில் நோவும்.

கடிதம் எழுதிய தங்கைக்கு: காப்பு கையிலேயே இருக்கட்டும். தோல் நோய்க் கிளினிக்கிற்கு ஒரு தரம் போய் வாருங்கள். அதுவரை மடியில் ஒரு பருத்தித் துண்டை வைத்துக்கொண்டு தையுங்கள், வேலை முடிந்ததும் ஊசியைத் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள்.